அதே பேனா, அரை மணி நேர இடைவெளி

"திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம், இனம் என்ன, ஆண் பெண் என்ன" என்று வருடக்கணக்கில் வாதாடியவன் நான். என் வாயை அடைத்தது என் கையெழுத்துதான்.

நேர்முகத் தேர்வுக் குழுவில் இருந்தேன். கடைசிச் சுற்றில் ஓர் ஆண், ஒரு பெண். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்றதற்கு இருவரும் கிட்டத்தட்ட ஒரே பதில்: மேலாளர் எடுத்த முடிவு தப்பு, சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, கிளம்பிவிட்டேன். மாலையில் தாள்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன். அந்த ஆணின் தாளில் "நேர்மையான பேச்சு, தலைமைப் பண்பு". அந்தப் பெண்ணின் தாளில் "ஒத்துப்போவாரா?" கேள்விக்குறியை அழுத்தி வேறு போட்டிருந்தேன். பார்த்த பிறகும் திருத்தவில்லை. வேலை அந்த ஆணுக்குத்தான் போனது.

பாஸ்டன், சிகாகோ நிறுவனங்களுக்குப் போலி விண்ணப்பங்கள் அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. கறுப்பினத்தவர் பெயர் போலத் தெரிந்தவற்றைவிட, வெள்ளையர் பெயர் போலத் தெரிந்தவற்றுக்கு 50 சதவீதம் அதிக அழைப்பு. அங்கே அந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் படித்தவர்களும் என்னைப் போலத் தங்களை நியாயவான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

*

மேலே ஒருவர் நேர்முகத் தேர்வு பற்றி எழுதியதைப் படித்ததும் நான் வீடு தேடிய கதை ஞாபகம் வந்தது. சுற்றிலும் வெள்ளையர்கள் வாழும் பகுதி. என் உச்சரிப்பும் அவர்களுடையது மாதிரியே இருக்கும். போனில் "வீடு காலிதான், வாருங்கள்" என்றவர், கதவைத் திறந்து என் நிறத்தைப் பார்த்ததும் "இப்போதுதான் ஒருத்தர் பேசி முடித்தார்" என்றார். 'வாடகைக்கு' பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்குகிறது!

திரும்பும்போது மனைவி, "மெக்கானிக்கிடம் எனக்கு நடந்தது இன்றைக்கு உங்களுக்கு" என்றாள். காரின் கோளாறைச் சொன்னது அவள். மெக்கானிக் பதில் சொன்னது என் முகத்தைப் பார்த்து. எனக்குப் பெட்ரோல் போட மட்டும்தான் தெரியும். ஆனாலும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

*

மேலே இருவர் எழுதியதில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. பதினாறு வயதில் மூட்டை தூக்கப் போனவனிடம் வந்து 'ஆணாய்ப் பிறந்த சலுகை' என்றால் எரிச்சல்தான் வரும். காசில்லாத வீட்டில் எல்லோருக்கும் ஒரே பாடு என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அப்புறம் யோசித்தால், அக்காவும் அதே வீடுதான். கணக்கில் என்னைவிடக் கெட்டி. வேலை முடிந்து ராத்திரி வகுப்புக்கு நான் போனேன். "இருட்டினப்புறம் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன படிப்பு" என்று அவளை விடவில்லை. என் பாடப்புத்தகத்துக்கு அட்டை போட்டுத் தந்தது அவள்.