சஃபவிப் பேரரசு பற்றி எங்கள் குடும்பக் குழுவில்

கயல்: பெரியப்பா, 1501இல் தப்ரீஸில் முதலாம் இஸ்மாயில் நிறுவி, ஈரானை ஆண்ட சஃபவிப் பேரரசு, 1722இல் ஆப்கானியரிடம் வீழ்ந்தது என்று என் பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கட்டுரைக்கு அது போதுமா?

பெரியப்பா: போதாது அம்மா. ஆப்கானியர் வருவதற்கு முன்பே அந்த அரசு உள்ளே உளுத்துப்போயிருந்தது. அதற்கு வித்திட்டவர், அதை உச்சிக்குக் கொண்டுபோன முதலாம் அப்பாஸேதான் என்பது என் கருத்து. கிஸில்பாஷ் எனப்பட்ட துருக்கியப் போர்க்குலங்களின் தலைவர்கள் அரசரையே ஆட்டிவைத்த காலத்தில், 1588இல் பட்டத்துக்கு வந்த அவர், ஜார்ஜியா, ஆர்மீனியா, சர்க்காசியா பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமை வீரர்களைக் கொண்டு தமக்கு மட்டுமே கட்டுப்பட்ட படையை வளர்த்தார். அதற்குச் சம்பளம் கொடுக்க, குலத்தலைவர்கள் வசமிருந்த மாகாணங்கள் பலவற்றை அரண்மனையின் நேரடி நிலங்களாக்கினார். கருவூலம் நிரம்பியது, ஆனால் படையோடு ஆளுநர் இருந்த இடத்தில் வரி வசூலிக்கும் அதிகாரி வந்து அமர்ந்தார்.

அத்தை: பெற்ற மகனையே அவர் கொல்லச் செய்தார் என்பது உண்மையா, அண்ணா?

பெரியப்பா: உண்மைதான். 1615இல் மூத்த மகன் சஃபி மீர்சா கொல்லப்பட்டார். வேறு இரு மகன்களின் கண்கள் பறிக்கப்பட்டன. அதன்பின் இளவரசர்கள் மாகாணங்களை ஆண்டு பழகாமல் அந்தப்புரத்திலேயே வளர்ந்தார்கள். 1694இல் அரியணை ஏறிய சுல்தான் ஹுசைனும் அப்படி வளர்ந்தவரே.

கயல்: பரங்கிமலைப் படிகளைக் கட்டிய ஆர்மீனிய வணிகருக்கும் இந்த அரசுக்கும் தொடர்பு உண்டா?

பெரியப்பா: உண்டு. அரஸ் ஆற்றங்கரை ஜூல்ஃபாவின் ஆர்மீனியரை ஊரோடு பெயர்த்து, தலைநகர் இஸ்ஃபஹானை ஒட்டிய புதிய ஜூல்ஃபாவில் அப்பாஸ் குடியேற்றினார். அவர்கள் கையால் பட்டு வணிகம் செழித்தது. நீ கேட்ட வணிகர், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலமும் கட்டிய பெட்ரஸ் உஸ்கான், அந்தச் சமூகத்தவரே.

அத்தை: இஸ்ஃபஹான் எப்படி வீழ்ந்தது?

பெரியப்பா: கந்தஹாரில் 1709இல் சஃபவி அரசின் ஜார்ஜிய ஆளுநரைக் கொன்று எழுந்த ஆப்கானியத் தலைவர் மீர்வைஸின் மகன் மஹ்மூத், 1722 மார்ச்சில் குல்னாபாதில் தம்முடையதைவிடப் பெரிய அரச படையை முறியடித்தார். அக்டோபர் வரை நீடித்த முற்றுகையில் நகரமக்கள் நாய், பூனை, தோல் வரைக்கும் தின்றார்கள். பட்டினியால் மாண்டவர்கள் ஏராளம். கடைசியில் சுல்தான் ஹுசைன் தாமே பகைவரின் பாசறைக்குச் சென்று முடியை மஹ்மூதிடம் ஒப்படைத்தார். ஆனால் கட்டுரையை 1722இல் நிறுத்திவிடாதே, கயல். சுல்தான் ஹுசைனின் மகன் தஹ்மாஸ்ப் பெயரால் 1729இல் ஆப்கானியரை விரட்டிய படைத்தலைவர் நாதிர், 1736இல் தாமே முடிசூடிய பிறகுதான் சஃபவி மரபின் ஆட்சி முடிந்தது.