மறு: அக்சஸ் பாயின்ட் – ‘அணுகுபுள்ளி’யா, ‘அலைப்பந்தல்’ ஆகுமா?

வணக்கம் ஐயா, குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

> அணுகுபுள்ளி ஏற்கெனவே சில இடங்களில் புழங்குகிறது. அதுவே இருந்துவிட்டுப் போகட்டுமே.

செல்பேசிகளும் கணினிகளும் வைஃபையில் வந்து இணையும் கருவிதான் அக்சஸ் பாயின்ட், அதற்கு ‘அலைப்பந்தல்’ என்று வைக்கலாமா என்று இரண்டு வாரமாக இதே யோசனைதான் ஐயா. ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கணினிப் பலகைக்கு எழுதும் வழிகாட்டியில் வைஃபை அத்தியாயம் முழுக்க எழுதியாயிற்று, இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. முதல் வரைவில், ஹாட்ஸ்பாட்டுக்குப் புழங்கும் ‘பகிரலை’ என்ற சொல்லையே போட்டிருந்தேன். அது பொருந்தாது என்று எனக்குக் காட்டியவர் ஒரு பாட்டி.

அல்சூரில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒரு பேஸ்மென்ட் அறையில் நடக்கிறது. அங்கே செல்பேசிக்கு சிக்னல் சரியாக எட்டாது. அதனால் ராஸ்பெர்ரி பையின் ஜீரோ 2 டபிள்யூ என்ற சிறு பலகையில் பாடங்களையும் கதைகளையும் ஏற்றி, பிள்ளைகள் நேரே அதிலிருந்து படிக்கும்படி வைத்தேன். நெட்வொர்க்கின் பெயரும் ‘பகிரலை’ என்றே இருந்தது. பேரனை அழைத்து வந்த பாட்டி தன் செல்பேசியை அதில் இணைத்தார். ‘இணையம் இல்லை’ என்று காட்டியது. “பகிரலைன்னு போட்டிருக்கே கண்ணு, நெட்டே வரலையே, எதைப் பகிர்றீங்க?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. செல்பேசி ஹாட்ஸ்பாட் தன் இணையத்தைப் பிறருக்குப் பகிர்கிறது, அதற்குப் பகிரலை அளவெடுத்துத் தைத்த சொல். என் பலகையில் பகிர இணையமே இல்லை. நாலு பேர் வந்து சேர இடம் கொடுத்தது, அவ்வளவுதான். அந்த இடத்துக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

‘அணுகுபுள்ளி’ ஆங்கிலத்தைப் பிரித்து அப்படியே தமிழில் வைத்தது. புள்ளி என்றால் நமக்குக் கோலமும் மெய்யெழுத்தும்தான் நினைவுக்கு வருகின்றன. அதைவிடப் பெரிய குறை, அதோடு சேர்ந்து வர ஒரு நல்ல வினை இல்லை. அணுகுபுள்ளியை நிறுவு, அணுகுபுள்ளியைச் செயலிழக்கச் செய் என்று எழுதிப் பார்த்தேன். வாசகர் இரண்டாம் வரியிலேயே ஆங்கிலப் பக்கத்தைத் திறந்துவிடுவார்.

‘பந்தல்’ எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒருநாள் வீட்டில் மடிக்கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநுழைவு வழியாகப் பலகைக்குள் போய், பலகையையே அக்சஸ் பாயின்ட் ஆக்கும் ‘என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை ஹாட்ஸ்பாட்’ கட்டளையைத் தட்டினேன். என்டர் அழுத்தியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. பலகையில் இருப்பது ஒரே ரேடியோ. அது வரை வீட்டு ரவுட்டரின் கீழ் ஓர் ஆளாக உட்கார்ந்திருந்த பலகை, எழுந்து போய்த் தனியாகப் பந்தல் போட்டுவிட்டது. என் வழி அறுந்துபோனது அதனால்தான். இதைத் தங்கைக்கு விளக்கும்போது வாயில் தானாக வந்த சொல் அது. அப்புறம் அந்தப் பந்தலிலேயே மடிக்கணினியைச் சேர்த்து, 10.42.0.1 என்ற முகவரியில் பலகையைப் பிடித்தேன். பலகையின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற நிரல் வழக்கமாகப் பந்தல்காரருக்குக் கொடுக்கும் முகவரி அது. வருகிறவர்களுக்கு இலை போடுவதுபோல் ஆளுக்கொரு முகவரியையும் அதுவே தருகிறது. ராஸ்பெர்ரி பை இயங்குதளத்தில் 2023 அக்டோபரில் வந்த புக்வார்ம் பதிப்புக்கு முன்னால் ஹோஸ்ட்ஏபிடி, டிஎன்எஸ்மாஸ்க் என்ற இரண்டு நிரல்களுக்கும் அமைப்புக் கோப்புகளைக் கையால் எழுத வேண்டியிருந்தது. இப்போது ஒரே வரி.

வினைகள் எல்லாம் கூடவே வந்துவிடுகின்றன: பந்தல் போடு, பந்தலில் சேர், பந்தலைப் பிரி. சிக்னல் எட்டும் பரப்பு பந்தலின் நிழல். நாட்டைக் குறிக்கும் அமைப்பைக்கூட இதே பேச்சில் சொல்ல முடிகிறது. எந்த ஊர் என்று சொல்லாதவரை ரேடியோவை அணைத்துவைக்கும் ஆர்எஃப்கில் என்ற பூட்டு வைஃபையைத் தடுத்தே வைத்திருக்கும், எனவே பந்தல் போடுமுன் ஊரைச் சொல்ல வேண்டும். அதையும் சரியாகச் சொல்ல வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவுக்கு 13 சேனல்கள், அமெரிக்காவுக்கு 11. அமெரிக்கா என்று வைத்துவிட்டால், 13ஆம் சேனலில் இருக்கும் பக்கத்து ரவுட்டர் கண்ணிலேயே படாது.

பந்தல் இரண்டு நாளில் பிரித்துவிடுவது, ரவுட்டர் நிரந்தரமாயிற்றே என்று அக்கா கேட்டிருந்தார்கள். கல்யாணப் பந்தலுக்கு அது சரி. அவரைப் பந்தலும் வாசல் பந்தலும் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றனவே அக்கா. அருகலை (வைஃபை), ஊடலை (புளூடூத்), பகிரலை வரிசையில் இதுவும் ‘அலை’ என்று முடிய வேண்டும் என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. அவை அலைக்குப் பெயர்கள். இது இடத்துக்குப் பெயர். அதனால் அலை முன்னால் வந்து, பந்தலில் முடிய வேண்டும். தமிழிலிருந்து ஆங்கில அகராதிக்கே போன சொல் அது. இங்கே கணேச சதுர்த்திக்குக் கன்னட நண்பர்களும் ‘பெண்டால்’ என்றுதான் சொல்கிறார்கள்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். நெட்வொர்க் பெயருக்கு எல்லை 32 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. ‘அலைப்பந்தல்’ 11 குறிகள், 33 பைட். ஒரு பைட்டால் உள்ளே போகாது! வழிகாட்டியில் மாதிரிப் பெயராக அதைப் போட்டுவிடக் கூடாது. ‘நூற்பந்தல்’ 30 பைட், அது கொள்ளும். வகுப்பில் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

பலகை தானே பந்தல் போடும் நிலைக்கும் வேறொரு பந்தலில் போய்ச் சேரும் நிலைக்கும் ‘பந்தல்நிலை’, ‘சேர்நிலை’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். இரண்டாவதற்கு ‘விருந்தினர் நிலை’ என்று வைக்கத்தான் ஆசை, ஆனால் ரவுட்டர்களில் விருந்தினர் நெட்வொர்க் என்று வேறொன்று இருக்கிறது, குழப்பிவிடும். சேர்நிலையில் எனக்கு இன்னும் நிறைவில்லை. ஐயாவுக்கோ அக்காவுக்கோ இன்னும் நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள், வரைவை அதுவரை திறந்தே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அல்சூர், பெங்களூரு