ஸ்டெஹீக்கினுக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி:
சியாட்டிலில் இருக்கிறோம். செப்டம்பரில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். வயது 68, முழங்கால் வலி உண்டு. ஷெலான் ஏரியின் மேல்கோடியில் இருக்கும் ஸ்டெஹீக்கினைக் காட்ட ஆசை. வெளியிலிருந்து சாலை கிடையாது, படகில்தான் போக வேண்டும் என்கிறார்கள். காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா? அதிகம் நடக்க முடியாதவருக்கு அங்கே என்ன இருக்கிறது?

பதில் 1:
ஒரு இரவாவது தங்குங்கள். 2018-இல் அப்பாவோடு போய் அன்றே திரும்பினேன். போகவே நாலு மணி நேரம், கரையில் கிடைத்தது ஒன்றரை மணி நேரம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏரியைப் பார்த்துக் காலை நீட்டினார், அதற்குள் படகுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அது இன்னும் மனதை உறுத்துகிறது. அடுத்த வருடம் இரண்டு இரவு தங்கினோம்.

நடை பற்றிக் கவலை வேண்டாம். படகுத்துறையிலிருந்து சிவப்பு பஸ் ஓடுகிறது. இரண்டு மைலில் பேக்கரி, அப்புறம் 312 அடி உயர ரெயின்போ அருவி. பக்கத்திலேயே பக்னர் ஆப்பிள் தோட்டம். அந்தக் காலத்தில் கையால் வெட்டிய வாய்க்காலில்தான் இன்றும் மரங்களுக்குத் தண்ணீர் பாய்கிறது. அப்பா வயல் வேலை பார்த்தவர். அங்கேயே உட்கார்ந்து, மடையை எங்கே திருப்புகிறார்கள் என்று தேடிக்கொண்டிருந்தார். அருவியைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

படகில் வெளித்தளத்தில் இடம் பிடியுங்கள். பனியாறு குடைந்த ஏரி அது. சுமார் 80 கிலோமீட்டர் நீளம், 453 மீட்டர் ஆழம், அடித்தளம் கடல் மட்டத்துக்கும் கீழே. போகப் போக இரண்டு பக்கமும் மலை நெருங்கி வரும். காற்று சில்லென்று அடிக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் கட்டாயம்.

பதில் 2:
ஏரியின் கீழ்முனையில் இருக்கும் ஷெலான் ஊரில் ஏறாமல், வழியில் உள்ள ஃபீல்ட்ஸ் பாயின்ட் துறையில் ஏறினால் படகில் உட்காரும் நேரம் குறையும். படகுக்குப் படகு வேகம் வேறு, அட்டவணையைப் பார்த்துவிட்டு அறை போடுங்கள். அங்கே செல்போன் சிக்னல் இல்லை, வீட்டில் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், மருந்துக்கடையை நம்பிப் போகிற இடம் இல்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இரண்டு இரவுக்கு அறை போட்டுவிட்டேன். அம்மாவிடம் வாய்க்காலைப் பற்றிச் சொன்னதும், "எந்தப் பக்கம் சரிவு?" என்றுதான் முதலில் கேட்டார்.