முப்பது வருடமாக அதே ரேவ் ரெக்கார்டுகள்: பற்றா, தேக்கமா?

வினைல்_வேலன்:
1991, 92-ல் வந்த ரேவ் ரெக்கார்டுகளையே, அதாவது விடிய விடிய ஆடும் கூட்டங்களின் மின்னணு நடன இசையையே, இன்னமும் போடும் டிஜேக்கள் பழைய நினைவை விற்றுப் பிழைக்கிறார்கள் என்று இன்னொரு இழையில் ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால் தனி இழை.

ஸ்லிப்மேட் என்ற டிஜேயை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் எசெக்ஸ்காரர். ரேவ் தொடங்கிய 1980-களின் கடைசியிலேயே ரெக்கார்டுகளைக் கோர்த்து செட் போட வந்துவிட்டார். லைம் என்ற டிஜேயுடன் சேர்ந்து எஸ்எல்2 என்ற பெயரில் வெளியிட்ட 'ஆன் எ ராகா டிப்' 1992-ல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 2-ஆம் இடம் வரை ஏறியது. அந்த வெற்றியோடு பாப் உலகத்துக்குப் போயிருக்கலாம். அவர் ரெக்கார்டு ஓட்டும் டர்ன்டேபிள்களுக்குப் பின்னால்தான் போய் நின்றார். இத்தனை காலம் ஓல்ட் ஸ்கூல் என்னும் அந்த ஆரம்பகால ரேவ் இசையோடு வாழ்ந்தவரை வியாபாரி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாளைய_ஒலி:
அதை எழுதியது நான்தான். வேலன், அவர் நேர்மையை நான் சந்தேகப்படவில்லை. 1989-ல் இந்த இசை நிமிடத்துக்கு 120 சொச்சம் அடிகளில் ஓடியது. 1993-ல் 150-ஐத் தாண்டி ஜங்கிள் என்ற புது வகையாகிவிட்டது. நாலே வருடம்! கடைக்கு வருமுன் புதிதாக வெட்டிய அசிட்டேட் ரெக்கார்டின் சூடு ஆறுமுன் போட்டார்கள், கொஞ்ச நாளில் அதுவும் பழசானது. அந்த வேகம்தான் ரேவ். ஃபேபியோ, க்ரூவ்ரைடர் என்ற இரண்டு டிஜேக்களும் லண்டன் ஹெவன் கிளப்பில் 'ரேஜ்' இரவுகளில் நின்றவர்கள். இசை போன வழியே, ஜங்கிளிலிருந்து வளர்ந்த டிரம் அண்ட் பேஸ் வரை கூடவே போனார்கள். அதுவும் வாழ்நாள் பற்றுதானே? 1992-லேயே நின்றுகொண்டு அந்த வருடத்துக்கு விசுவாசமாக இருக்க முடியாது என்கிறேன்.

வினைல்_வேலன்:
ஸ்லிப்மேட் நிற்கவில்லை. 90-களின் நடுவில் ரேவிலிருந்து கிளைத்த ஹேப்பி ஹார்ட்கோர் என்ற வேகமான வகைக்குப் போய் அங்கேயும் முன்வரிசையில் இருந்தார். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்.

அப்புறம், கைவேலையை நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. பழைய டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். 130-ல் ஓடும் 1991 ரெக்கார்டை முழுக்க ஏற்றினால் 140. 150-ல் ஓடும் 1993 ரெக்கார்டை முழுக்க இறக்கினால் 138. இரண்டும் சந்திக்க இரண்டே அடி இடம். அங்கே சேர்த்தாலும் ஒன்றில் குரல் கீச்சிடும், இன்னொன்றில் கனத்துத் தொங்கும். ஆகவே நடுவில் என்னென்ன ரெக்கார்டு வைத்தால் காதுக்குத் தெரியாமல் மேலே ஏறலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும். பழைய பாட்டுகளிலிருந்து வெட்டியெடுத்த டிரம் துண்டுதான் பிரேக்பீட், அதில் டிரம் சீராக விழாது. இம்மி விலகினாலும் இரண்டு ரெக்கார்டும் முட்டிக்கொள்ளும், தட்டின் விளிம்பில் விரல் வைத்தே சரிசெய்ய வேண்டும். நான் ஆறு வருடமாகப் பழகுகிறேன். இன்னும் நாற்பது நிமிடம் தடுக்காமல் போட்டதில்லை.

இல்ஃபோர்ட்_பெரியவர்:
தம்பிமார், நான் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டன் வந்தது 1988-ல். அடுத்த கோடையில் லண்டனைச் சுற்றி ஓடும் எம்25 சாலைக்குப் பக்கத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. நடுச்சாமத்தில் வாகனங்கள் சாரிசாரியாக வந்து நிற்கும். ரேவ் நடக்கும் இடம் எது என்று கடைசி நேரத்தில் தொலைபேசியில்தான் சொல்வார்கள், அதற்காகப் பிள்ளைகள் தொலைபேசிக் கூண்டுக்கு வெளியே வரிசையில் நிற்பார்கள். விடியும்போது திரும்பி வந்து தண்ணீர் வாங்குவார்கள். எனக்குக் கைகொடுத்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஊரில் முதன்முதலாக எனக்குக் கைகொடுத்தவர்கள் அவர்கள்தான்.

1992 மே மாதம் காஸில்மார்ட்டன் திடலில் நடந்த ரேவில் பல்லாயிரம் பேர் ஒரு வாரம் ஆடினார்கள். 1994-ல் ரேவுக்கு எதிராகச் சட்டம் வந்தது. திரும்பத் திரும்ப விழும் அடிகள் என்று இசைக்கே வரையறை எழுதி, இரவில் திறந்தவெளியில் கூடுவதைக் கலைக்கப் பொலிசுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். அப்படித் துரத்தப்பட்ட ஒன்றை ஒரு மனிதர் கைவிடாமல் வைத்திருந்தால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

நாளைய_ஒலி:
ஐயா, அந்தக் கைகொடுத்தலுக்கு எதிராகப் பேச என்னிடம் எதுவும் இல்லை. வேலன் சொன்ன 138, 140 கணக்கையும் ஒப்புக்கொள்கிறேன், நான் அப்படி யோசித்ததில்லை.

ஆனால் இந்த இசை யார் தோளில் ஏறி நிற்கிறது? 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் குழு பதிவு செய்த 'ஆமென், பிரதர்' பாட்டில் வரும் சில நொடி டிரம் எத்தனை ரேவ், ஜங்கிள் ரெக்கார்டுகளில் ஓடுகிறது! அதை வாசித்த கிரெகரி கோல்மன் 2006-ல் வீடில்லாமல் இறந்தார், ராயல்டி ஒரு காசு வராமல். பழசைக் காப்பதாகச் சொல்பவர்கள் முதலில் அவர் பெயரை மேடையில் சொல்லட்டும்.

வினைல்_வேலன்:
இதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். 2015-ல் பிரிட்டனில் இந்த இசையைச் சேர்ந்தவர்கள் நிதி திரட்டி, குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 24,000 பவுண்டு கொடுத்தார்கள். ஆனால் கோல்மனுக்கு அது ஒன்பது வருடம் பிந்திவிட்டது. என் அடுத்த செட்டில் அந்த மூலப் பாட்டை முழுசாகப் போட்டுவிட்டுத்தான் தொடங்கப்போகிறேன்.

நாளைய_ஒலி:
போடுங்கள். முடிவில் இந்த வருடம் வந்த ஜங்கிள் ரெக்கார்டு ஒன்றையும் வையுங்கள், கேட்க வருகிறேன்.

வினைல்_வேலன்:
மூலப் பாட்டு உண்டு. மற்றது இல்லை. 1993-ல்தான் முடிப்பேன்.

இல்ஃபோர்ட்_பெரியவர்:
அந்த நாளில் உரிமம் இல்லாமல் ஒலிபரப்பிய பைரேட் ரேடியோவிலிருந்து நான் பதிந்த கேசட் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் நல்லாக ஓடுகிறது. சனிக்கிழமை மகனைக் கொண்டு கணினியில் ஏற்றித் தருகிறேன். நடுவில் வரும் ஒரு ரெக்கார்டின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. உங்கள் இருவரில் யாருக்காவது பிடிபடுகிறதா என்று பாருங்கள்.