இறக்கத்தில் ஹெல்மெட்டை இடிக்கும் தண்ணீர்ப் பை: என்ன செய்யலாம்?

வேளச்சேரி சைக்கிள்காரி:
எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) ஓட்ட ஹைட்ரேஷன் பேக் ஒன்று வாங்கினேன், உள்ளே தண்ணீர்ப் பையும் உறிஞ்சிக் குடிக்கக் குழாயும் உள்ள முதுகுப்பை, 3 லிட்டர். "எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் மேடம்" என்று சொல்லி விற்றார்கள். தார்ச்சாலையில் தொந்தரவு இல்லை. வண்டலூர்–கேளம்பாக்கம் ரோட்டை ஒட்டிய மண்பாதையில் சரிவு வந்தால் பை மேலேறி ஹெல்மெட்டின் பின்பக்கத்தை இடிக்கிறது, ஹெல்மெட் கண்ணுக்கு வந்துவிடுகிறது. நெஞ்சு ஸ்ட்ராப்பை இறுக்கினால் மூச்சு முட்டுது, தளர்த்தினால் தோள் ஸ்ட்ராப் நழுவுது. வேர்வையில் கழுத்தோரம் தோல் உரிந்து எரிச்சல் வேறு. போதாக்குறைக்குத் தண்ணீரில் பிளாஸ்டிக் வாடை. என் உயரம் 5 அடி 1 அங்குலம். பையை மாற்றணுமா, இதையே சரிபண்ணலாமா?

தாம்பரம் டயர்:
ஃப்ரேமில் ரெண்டு பாட்டில் மாட்டுங்க சகோ, தொல்லை விட்டது.

கோட்டூர்புரம் அக்கா:
தம்பி, முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் இருக்கிற சின்ன சைஸ் ஃபுல் சஸ்பென்ஷன் ஃப்ரேம்ல ஒரு பாட்டிலுக்கே இடம் இருக்காது. கல்லுப் பாதையில ஒரு கையை விட்டுட்டு பாட்டிலை எடுத்துக் குடிச்சுக் காட்டுங்க பார்ப்போம்.

சகோதரி, உங்களுக்கு வர்றேன். தலையைக் குனிஞ்சா பின்கழுத்துல ஒரு எலும்பு துருத்தும். அங்கே டேப்பை வெச்சு, முதுகு வளைவோடயே இறக்கி, இடுப்பெலும்போட மேல்விளிம்புக்கு நேரா வர்ற இடம் வரைக்கும் அளங்க. அப்புறம் பையில தோள் ஸ்ட்ராப் தைச்ச இடத்துலேர்ந்து இடுப்பு பெல்ட் வரைக்கும் அளங்க. பை நீளமா இருந்தா பெல்ட் இடுப்பெலும்பைப் பிடிக்காம கீழே தொங்கும். இறக்கத்துல சீட்டுக்குப் பின்னால நகரும்போது பை அப்படியே மேல தள்ளப்படும். உங்க கதை அதுதான்னு நினைக்கிறேன்.

மாட்டுற வரிசையும் முக்கியம். எல்லாத்தையும் தளர்த்திட்டு முதல்ல இடுப்பு பெல்ட், அடுத்து தோள், கடைசியா நெஞ்சு. நெஞ்சு ஸ்ட்ராப் எடை தாங்க இல்லை, தோள் ஸ்ட்ராப் விலகாம இருக்கத்தான். அதை மேலே நகர்த்தி, காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே, மார்புக்கு மேலே நிறுத்துங்க. ரெண்டு விரல் நுழையணும்.

மாத்துறதா இருந்தா பெண்களுக்குன்னு தைச்சதையே பாருங்க. முதுகு குட்டை, பட்டை மார்பைச் சுத்தி வளைஞ்சு இறங்கும், கழுத்துல உரசாது. ஆஸ்ப்ரே கம்பெனில ஆண்களுக்கு ராப்டர், பெண்களுக்கு ரேவன். கேமல்பேக் கம்பெனியோட சால்ஸ்டிஸ்ல தண்ணி இடுப்போரமா உட்காரும். முதுகுல எடை ஆடாது. விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

பெருங்குடி பெடல்:
3 லிட்டர்னா 3 கிலோ. காலை சின்ன ரைடுக்குப் பாதி நிரப்பினா போதும். நிரப்பினதும் உள்ளே இருக்கிற தண்ணிப் பையைத் தலைகீழாப் பிடிச்சு, குழாய் வழியா உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி எடுத்துடுங்க; தண்ணி குலுங்குறது நிக்கும். வாடைக்கு, வெதுவெதுப்பான தண்ணில சமையல் சோடா கரைச்சு ராத்திரி ஊறவிட்டு அலசுங்க, குழாய்க்குள்ளயும் ஓட விடுங்க.

நம்ம ஊர் புழுக்கத்துல தண்ணிப் பை தானா காயவே காயாது. வாய் ஒட்டிக்காம இருக்க உள்ளே ஒரு மத்தை நுழைச்சு நிழல்ல கவிழ்த்துத் தொங்கவிடுவேன். கடிச்சுக் குடிக்கிற வால்வைக் கழட்டிக் கழுவுங்க, கரும்புள்ளி முதல்ல வர்றது அங்கதான்.

வேளச்சேரி சைக்கிள்காரி:
அளந்தேன் அக்கா. பை என் முதுகைவிட நாலு விரல் நீளம்! நீங்க சொன்ன வரிசைப்படி மாட்டினதுல மூச்சு முட்டல் போச்சு, ஆனா குனிஞ்சா இன்னும் ஹெல்மெட்டைத் தொடுது. பையைத் தம்பிக்குக் கொடுத்துட்டு ரேவன் போட்டுப் பார்க்கப் போறேன். இன்னொன்னு, வெயிலுக்கு உப்புப் போட்ட நீர்மோர் ஊத்தலாமா?

கோட்டூர்புரம் அக்கா:
மோர் வேண்டவே வேண்டாம்மா. குழாய்ல திப்பி அடைச்சுக்கும், ஒரு மத்தியானத்துல புளிச்சு நாறும். சர்க்கரை கலந்த ஓஆர்எஸ்ஸும் பையில வேண்டாம், தனி பாட்டில்ல வெச்சுக்கோங்க. பையில வெறும் தண்ணி. ஜில்லுன்னு வேணும்னா பாதி ஊத்தி, படுக்கவெச்சு ராத்திரி ஃப்ரீசர்ல வைங்க, குழாயைக் கழட்டிட்டு.