கருப்புக் காட்டு முயல்: தோலைப் படிகாரத்தில் போடலாமா, கூடாதா?

வரப்புமேடு:
ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சாம்பல் நிறக் காட்டு முயல்களுக்கு நடுவே எப்போதாவது முழுக்கருப்பு ஒன்று தட்டுப்படும். அங்கே முயல் பயிரழிக்கும் பிராணி, சுடலாம். (நம்மூர் கருங்கழுத்து முயல் வேறு இனம். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வேட்டையாடுவது குற்றம். யாரும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) என் கட்சி இரண்டு. ஒன்று, கருப்பு என்றாலே பக்கத்து வீட்டுக் கூண்டிலிருந்து தப்பியது. இரண்டு, தோலைப் படிகாரத்தில் ஊறவைத்துப் பதனிட்டால் நிறம் கெடும், உப்பிட்டுக் காயவைத்தால் போதும்.

ஊதாங்குழல்:
இரண்டையும் மறுக்கிறேன். கருப்பு ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். 2500 குட்டிக்கு ஒன்று கருப்பாகப் பிறக்கும் கூட்டத்தில் ஏறக்குறைய 25-ல் ஒரு முயல் அந்த மரபணுவைச் சத்தமில்லாமல் சுமந்துகொண்டிருக்கும். அதனால் இரண்டு சாம்பல் முயலுக்குக் கருப்புக் குட்டி பிறப்பதில் அதிசயமில்லை. வேல்ஸ் கரையோரம் நரியே இல்லாத ஸ்கோகோம் தீவில் கருப்பு முயல்கள் நெடுங்காலமாக இருக்கின்றன. எந்தக் கூண்டிலிருந்து தப்பியவை அவை?

வரப்புமேடு:
தீவுக் கதை வேண்டாம், விக்டோரியாவில் நரி உண்டு, கருப்பு அதன் கண்ணில் சுலபமாகப் பட்டுவிடும். 1859-ல் விக்டோரியாவில் குடியேறியிருந்த தாமஸ் ஆஸ்டின் இங்கிலாந்திலிருந்து வரவழைத்த 24 முயல்களின் வம்சம்தான் பெருநிலம் முழுக்கப் பரவியது என்று 2022-ல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. அந்த வம்சத்தில் வளர்ப்பு ரத்தமும் கலந்திருக்கிறது. ஆக, கருப்பு வளர்ப்பிலிருந்து வந்ததுதான்.

ஊதாங்குழல்:
160 வருஷத்துக்கு முந்தைய பாட்டன் சொத்தும் போன வாரம் தப்பிய முயலும் ஒன்றா? மயிரை ஊதிப் பிரித்துப் பாருங்கள். சாதாரணக் காட்டு முயலின் முதுகு மயிர் அடியில் ஈயச் சாம்பல், நடுவில் மணல் நிறப் பட்டை, நுனி கருப்பு. பிடரியில் துருநிறத் திட்டு, வாலடி வெள்ளை. உண்மையான கருப்பில் மணல் பட்டையே இராது. பிடரித் திட்டும் வாலடி வெள்ளையும் இராது. மங்கலாகப் பட்டை தெரிந்தால் அது கருமை ஏறிய சாதாரண நிறம், வேறு மரபணு. தப்பி வந்ததென்று சந்தேகிக்க நிறத்தைவிட நல்ல தடயங்கள் உண்டு: தொங்கு காது, நீள மயிர், இடுப்பைச் சுற்றிய வெள்ளைப் பட்டை.

தோல்மண்டி:
தோல் விஷயத்துக்கு வருகிறேன். கருப்பு செம்பட்டையாவது வெயிலால், படிகாரத்தால் அல்ல. பதனிட்டதோ பச்சையோ, ஜன்னலோரம் மாட்டினால் இரண்டுமே வெளிறும்.

ஒரு தோலுக்கு அளவு: 150 கிராம் படிகாரம், 1.25 லிட்டர் தண்ணீர். தனியாக 600 மில்லியில் 75 கிராம் கல்லுப்பு, 40 கிராம் படிகச் சலவைச் சோடா. தூள் சோடாவானால் 15 கிராம் போதும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக, கிளறிக்கொண்டே படிகாரத்தில் விட வேண்டும். பொங்கும். அவசரப்பட்டுக் கவிழ்த்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கும், தோலுக்குள் இறங்காது. பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு கூடாது. தோல் அதில் இரண்டு நாள் ஊறட்டும், தினம் சில முறை புரட்டிவிட்டு. ஓரத்தில் ஒரு கீற்று வெட்டிப் பாருங்கள்: உள்வரை பால்வெள்ளை என்றால் இறங்கிவிட்டது, நடுவில் கண்ணாடிபோல் கோடு தெரிந்தால் இன்னும் ஊறட்டும். தோலின் உட்புறச் சவ்வை ஊறிய பிறகு பிட்டத்திலிருந்து பிடித்து இழுத்தால் ஒரே ஏடாக வரும். பச்சையில் சுரண்டினால் தோல் கிழியும்.

வரப்புமேடு:
அப்படியானால் வயிற்று மயிர் கொத்துக் கொத்தாக உதிர்வது ஏன்? படிகாரம் எரித்துத்தானே?

தோல்மண்டி:
எரிப்பதில்லை, அது அழுகல். உரித்து ஆறவைக்காமல் பையில் சுருட்டினால் வயிற்றுப் பக்கம்தான் முதலில் அழுகிப் பச்சை நிறமாகும். அப்போதே மயிர்க்கால் விட்டுவிட்டது. கரைசலில் போட்டதும் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். உரித்த கையோடு தோல் எடைக்குச் சமமாக உப்பு தேய்த்து, மறுநாள் உதறிவிட்டு இன்னொரு முறை தேய்க்க வேண்டும். உட்புறம் கருந்திட்டாக இருந்தால் அது வேறு: மயிர் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கிறது. பருவம் தப்பிய தோல், எப்படிப் பதனிட்டாலும் உதிரும். குளிர்கால முடிவில் எடுத்த தோலில் உட்புறம் வெளுத்திருக்கும்.

வரப்புமேடு:
படிகாரத்துக்குப் பதில் ஆவாரம்பட்டையில் பதனிட்டால்?

தோல்மண்டி:
ஆட்டுத்தோலுக்கும் மாட்டுத்தோலுக்கும் அருமை. முயலின் மெல்லிய தோலில் விறைப்பு ஏறும், மயிரடியில் பழுப்புச் சாயம் ஏறும், வெளிச்சத்தில் போகப்போகச் சிவக்கும். கடைசியில் கடுக்காய் கொடுப்பதே அந்தச் சிவப்பை மட்டுப்படுத்தத்தான். நிறத்துக்காக வைத்துக்கொள்ளும் தோலில் அந்த வம்பு எதற்கு? படிகாரத்தின் குறை ஒன்றுதான், நனைந்தால் கழுவிக்கொண்டு போய்விடும், காய்ந்ததும் வறட்டி. சுவரில் மாட்டுகிற தோலை யார் துவைக்கப் போகிறார்கள்.

ஊதாங்குழல்:
பதனிடாமல் உப்பிட்டுக் காயவைக்க வரப்புமேடு சொன்னதிலும் ஒரு நியாயம் உண்டு, அவர் சொன்ன காரணத்தால் அல்ல. அமிலத்திலும் படிகாரத்திலும் ஊறிய தோலில் டி.என்.ஏ. சிதைந்துவிடும். காட்டு வம்சமா, கூண்டு வம்சமா என்று பிற்பாடு சோதிக்க நினைப்பவர்கள் உப்பிடுவதற்கு முன்பே காது நுனியில் அரிசியளவு வெட்டி, 95 சதவீத எத்தனாலில் போட்டு, இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

வரப்புமேடு:
காது நுனியை ஒப்புக்கொள்கிறேன். பாட்டன் சொத்தை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.