என்சைம் கேப்சூலைக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாமா?

களியக்காவிளை அம்மா:
மகனுக்கு மூன்று வயது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், அதாவது சளி கெட்டியாகி நுரையீரலையும் கணையத்தையும் அடைக்கிற பிறவி நோய். திருவனந்தபுரத்தில்தான் காட்டுகிறோம். சாப்பாட்டோடு கொடுக்கிற கணைய என்சைம் கேப்சூலை அவனுக்கு விழுங்கத் தெரியவில்லை. பிரித்துக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். எதில் கலப்பது என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாமியார் சூடான பயற்றுக்கஞ்சியில் போடச் சொல்கிறார். போடலாமா?

மார்த்தாண்டம் மருந்துக்கடை:
அக்கா, கஞ்சி வேண்டாம், பாலும் வேண்டாம். உள்ளே இருக்கிற குட்டி மணிகளுக்கு மேல் ஒரு பூச்சு உண்டு. வயிற்று அமிலத்தில் அது கரையாது, சிறுகுடலுக்குப் போனதும்தான் கரையும். கஞ்சியிலும் பாலிலும் புளிப்பு கிடையாது. கிண்ணத்திலேயே பூச்சு போய்விடும், மிச்சத்தை வயிற்று அமிலம் கெடுத்துவிடும். போதாததற்கு சூடு வேறு.

ஆப்பிளை வேகவைத்து மசித்து, நன்றாக ஆறவிட்டு, ஒரு ஸ்பூனில் மணிகளைத் தூவி உடனே கொடுங்கள். கடிக்க விடாதீர்கள். தண்ணீர் குடித்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஒட்டினால் வாய் புண்ணாகும்.

மலம் எண்ணெயாக மிதந்தால் நீங்களாக டோஸை ஏற்ற வேண்டாம். நாளொன்றுக்கு, எடையில் கிலோவுக்கு 10,000 லிபேஸ் (கொழுப்பைச் செரிக்கிற என்சைம்) யூனிட் என்பது வரம்பு. அதற்கு மேல் போனால் பெருங்குடல் சுருங்கும் ஆபத்து உண்டு. மலம் எண்ணெயாகப் போகிறது என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்றுதான். அடுப்பங்கரை அலமாரி, ஸ்கூட்டர் டிக்கி என்று பதில் வரும்! சூட்டில் என்சைம் வீரியம் இழந்துவிடும்.

பாறசாலை அப்பா:
என் மகளுக்கு நெபுலைசர் வரிசையை எங்கள் கடைக்காரர்தான் எழுதி டப்பாவில் ஒட்டித் தந்தார். முதலில் மூச்சுக்குழாயை விரிக்கிற சால்பூட்டமால், அப்புறம் உப்புக்கரைசல், பிசியோதெரபி, கடைசியில் ஆன்டிபயாட்டிக். சளி வெளியே வந்த பிறகு மருந்து உள்ளே போக வேண்டுமாம். சளியை இளக்குகிற டோர்னேஸ் ஆல்ஃபா எழுதிக் கொடுத்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள், அதோடு வேறு மருந்தைக் கலக்காதீர்கள். இன்னொன்று, ஓணத்துக்கு முன்னாலேயே என்சைமுக்குச் சொல்லி வையுங்கள். லீவு நாளில் ஸ்டாக் வராது.

களியக்காவிளை அம்மா:
ரொம்ப நன்றி. இடையில் மட்டிப்பழம் கேட்பான். அதற்கும் கேப்சூல் வேண்டுமா?

மார்த்தாண்டம் மருந்துக்கடை:
பழம் மட்டும் என்றால் வேண்டாம் அக்கா, அதில் கொழுப்பு இல்லை. ஏத்தங்காய் சிப்ஸ் என்றால் கட்டாயம் வேண்டும். எத்தனை என்பதை டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள்.